நிர்வானாவின் சிறந்த பாடல்கள் எவை? அதில் பங்க் எங்கே இருக்கிறது?

மூணுகார்டு:

நிர்வானாங்கிற அமெரிக்க ராக் பேண்டு பத்திப் பேச்சு வந்தாலே "ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்", "கம் ஆஸ் யூ ஆர்", "ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்" மூணோட முடிஞ்சுடுது. கூடவே "அடிப்படையில அது பங்க் பேண்டுப்பா"ன்னு ஒரு வரி. (பங்க்னா எளிமையான, முரட்டு ராக்.) எதை வச்சுச் சொல்றீங்கன்னா "டெரிட்டோரியல் பிஸ்ஸிங்ஸ்" வேகத்தைக் காட்டுவாங்க. ரெண்டேகால் நிமிஷம், தொண்டை கிழியக் கத்தல், அதனால பங்க்.

என் கட்சி வேற. அவங்களுக்குப் பங்க் கொடுத்த பெரிய சொத்து வேகம் இல்ல, மெதுவா வாசிக்கிற தைரியம். பிளாக் ஃபிளாக்ங்கிற பங்க் பேண்டு 1984-ல "மை வார்" போட்டாங்க. ரெக்கார்டோட முதல் பக்கம் வழக்கமான ஹார்ட்கோர், அதாவது வேகமான பங்க். ரெண்டாவது பக்கத்துல மூணே பாட்டு, ஒவ்வொண்ணும் ஆறு நிமிஷத்துக்கு மேல, சேத்துல நடக்கிற வேகத்துல. வேகத்துக்காக வந்த ரசிகர்கள் கடுப்பானாங்க. அந்தப் பக்கத்தைத்தான் மெல்வின்ஸ் பேண்டு எடுத்துக்கிட்டு இன்னும் மெதுவாக்கினாங்க. மெல்வின்ஸ் ஒத்திகையிலேயே சுத்திக்கிட்டு இருந்தவர் நிர்வானாவோட பாடகர், கிட்டாரிஸ்ட் கர்ட் கோபேன். அதுக்கு முன்னாடியே, 1982-ல, ஃபிளிப்பர்ங்கிற பேண்டு ஒரே பேஸ் வரியைத் தேய தேய வாசிச்சு ஒரு முழு ஆல்பம் போட்டிருந்தாங்க. நிர்வானாவோட பாரம் அந்த வழியா வந்தது.

அதனால என் வரிசை: அன்யூரிசம், செண்ட்லெஸ் அப்ரெண்டிஸ், ஸ்கூல், டிரெயின் யூ, மில்க் இட், ஸ்லிவர், பேப்பர் கட்ஸ். கடைசியில இருக்கிற "பேப்பர் கட்ஸ்" பலருக்குப் பிடிக்காது. ஆனா 1988 ஜனவரியில அதுக்கு டிரம்ஸ் வாசிச்சது மெல்வின்ஸோட டேல் குரோவர். நான் சொல்ற கிளையோட வேர் அங்கதான் வெளிய தெரியுது.

"டீன் ஸ்பிரிட்" ஏன் இல்லன்னு கேட்க வர்றவங்க காரணத்தோட வாங்க.

டிரம்ஸ்பித்தன்:

காரணத்தோடதான் வர்றேன். நீங்க சொல்ற மெதுவெல்லாம் முதல் ஆல்பம் "ப்ளீச்" காலம். 1990 செப்டம்பர்ல டிரம்மரா டேவ் க்ரோல் வந்தப்புறம் கதையே வேற. அவர் வந்தது ஸ்க்ரீம் பேண்டுலேர்ந்து, வாஷிங்டன் டிசி ஹார்ட்கோர். அவர் கையில இருந்த பங்க் அடியோட கனம், மணிக்கட்டு இல்லாம தோள்லேர்ந்து இறங்குற அடி. "பிரீட்" தொடக்கத்தைக் கேளுங்க, ஸ்நேர் அடி ஒண்ணுகூட மத்ததைவிடச் சின்னது இல்ல.

அதே சமயம் இன்னொண்ணும் சொல்லணும். "டீன் ஸ்பிரிட்" தொடக்க டிரம்ஸ் ஃபில் (பாட்டைத் தொடங்கி வைக்கிற துண்டு அடி) பங்க் இல்லவே இல்ல. கேப் பேண்ட், கேமியோ மாதிரி ஃபங்க் (பங்க் இல்ல, ஆட வைக்கிற தாள இசை) குழுக்கள்லேர்ந்து எடுத்தேன்னு க்ரோலே பல தடவை சொல்லிட்டார். அதை வாசிக்கிறவங்க கெடுக்கிற இடமும் அதான். ஃபிளாம்ல, அதாவது ரெண்டு குச்சியும் ஒட்டி விழுற அடியில, முன்னாடி விழுற குச்சி தோல்லேர்ந்து ரெண்டு அங்குல உயரத்துல, முக்கியக் குச்சி பத்துப் பன்னெண்டு அங்குல உயரத்துல இருந்து கிளம்பணும், ரெண்டும் ஒரே நேரத்துல இறங்கணும். உயரம் வித்தியாசமா இருக்கிறதாலதான் இடைவெளி தானா வருது. ரெண்டு குச்சியும் ஒரே உயரத்துல இருந்தா "டப்"னு ஒரே அடி. இடைவெளியைக் கையால திணிச்சா "ட-டப்"னு ரெண்டு தனி அடி. ரெண்டுமே தப்பு. கிக்கை (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஃபிளாமோட ஒட்டி வைக்காம நடுவுல தனியா விட்டாத்தான் அந்த ஃபங்க் நடை வரும்.

வேகம் நிமிஷத்துக்கு 117 அடி (பிபிஎம்) பக்கம். 125-க்கு ஏத்தி வாசிச்சா "பங்க்கா இருக்கு"ன்னு நினைப்பாங்க. கோரஸ்ல (பல்லவியில) கிட்டாரோட பதினாறாம் மாத்திரைத் தடவல் நசுங்கிப் போயிடும், அதுக்கப்புறம் பாட்டே இல்ல.

என் வரிசையில முதல் இடம் "செண்ட்லெஸ் அப்ரெண்டிஸ்". அந்த ரிஃப்பே (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) க்ரோல் கொண்டு வந்தது. மூணு பேர் பெயரும் சேர்ந்து வர்ற அபூர்வமான பாட்டு.

சத்தம்:

இருவரும் வாசிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பதிவு செய்த விதத்தைப் பார்த்தால் பங்க் இன்னும் தெளிவாகத் தெரியும்.

"ப்ளீச்" சியாட்டிலில் ரெசிப்ரோகல் ஸ்டுடியோவில் ஜாக் எண்டினோவிடம் எட்டு டிராக்கில் (எட்டுத் தனி ஒலித்தடங்களில்) பதிவானது. சுமார் 30 மணி நேரம், 606.17 டாலர். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட அவர் வாசிக்கவில்லை, இருந்தும் உறையில் கிட்டாரிஸ்ட் என்று பெயர் போட்டார்கள். எட்டு டிராக் என்றால் டிரம்ஸை மூன்று நான்கு டிராக்குக்குள் கலந்து முடித்துவிட வேண்டும், பிறகு பிரிக்க முடியாது. "ஸ்கூல்" பாட்டில் ஸ்நேரும் சிம்பலும் ஒன்றின்மேல் ஒன்று வழிவது போலக் கேட்பதில் அதற்கும் பங்கு உண்டு.

"டெரிட்டோரியல் பிஸ்ஸிங்ஸ்" விஷயத்தில் வேகத்தை விடுங்கள், கிட்டார் ஒலியைக் கேளுங்கள். "நெவர்மைண்ட்" ஆல்பம் பதிவான சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் அதற்கு ஆம்ப்ளிஃபையரே கிடையாது. கிட்டாரை நேராக மிக்ஸிங் கன்சோலில் செருகிப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் புட்ச் விக்குக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஸ்பீக்கர் இல்லையென்றால் அந்தக் கீச்சு முழுவதும் டேப்புக்கு வந்துவிடும். அந்தப் பாட்டில் காதைப் பிராண்டும் குளவிச் சத்தம் அதுதான். முயன்று பார்க்கிறவர்கள் கவனிக்க: கன்சோல் பிரீஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தை) உடையும் அளவுக்கு ஏற்றி, வெளியேறும் ஃபேடரை இறக்க வேண்டும். கணினி இன்டர்ஃபேஸில் இதையே செய்தால் உடைவது பிரீஆம்ப் அல்ல, டிஜிட்டல் மாற்றி. அந்த உடைவு வறட்டுத்தனமாக இருக்கும், இசைக்கு உதவாது. மாற்றிக்குப் போகும் அளவை மைனஸ் 10 டெசிபலில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு கணினியில் கன்சோல் போல உடையும் ஒரு பிளக்-இன்னை வையுங்கள்.

"இன் யூட்டெரோ" ஆல்பம் இதற்கு மறுமுனை. 1993 பிப்ரவரி, மினசோட்டாவில் பேக்கிடெர்ம் ஸ்டுடியோ, பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. ஒரே தொகையாக ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார், விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்தார். ரெக்கார்டிங் இன்ஜினியருக்கு ராயல்டி வாங்கும் உரிமை இல்லை என்பது அவர் கொள்கை. ஸ்டுடியோவை இசைக்குழு எந்தப் பெயரில் பதிவு செய்தது தெரியுமா? சைமன் ரிட்சி புளூகிராஸ் என்செம்பிள். சைமன் ரிட்சி என்பது செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷஸுடைய இயற்பெயர்.

என் முதலிடம் "மில்க் இட்". அந்த அறையின் காற்று டிரம்ஸோடு சேர்ந்து கேட்கிறது.

சிவப்பு கேசட்:

மூன்று பதிவு தாண்டியும் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை. நிர்வானா விஷயத்தில் இது விடுபடக் கூடாத இடம்.

"டீன் ஸ்பிரிட்" என்ற தலைப்பே பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா சுவரில் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது. டீன் ஸ்பிரிட் ஒரு டியோடரண்டின் பெயர், கோபேனுக்கு அப்போது அது தெரியாது. ஒலிம்பியாவின் அந்த வட்டத்தில்தான் ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கம் கிளம்பியது. லண்டனில் 1977-ல் தொடங்கிய ரெயின்கோட்ஸ் என்ற பெண்கள் குழுவின் முதல் ஆல்பம் 1993-ல் மறுபதிப்பு வந்தபோது உறைக் குறிப்பு எழுதியவர் கோபேன். 1992 டிசம்பரில் வந்த "இன்செஸ்டிசைட்" உறையில் அவர் எழுதியது இன்னும் நேரடி: இனவெறியும் பெண் வெறுப்பும் தன்பாலின வெறுப்பும் உள்ளவர்கள் எங்கள் கச்சேரிக்கு வராதீர்கள், ரெக்கார்டும் வாங்காதீர்கள். பத்து லட்சக்கணக்கில் விற்கும் குழு தன் வாடிக்கையாளரில் ஒரு பகுதியைப் போகச் சொல்கிறது. மெதுவும் வேகமும் பேசும் இடத்தில் இதையும் பங்க் செல்வாக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இசையிலும் இது தெரியும். 1990 அக்டோபரில் பிபிசியில் ஜான் பீல் என்ற வானொலித் தொகுப்பாளரின் நிகழ்ச்சிக்காக நான்கு பாட்டு பதிவு செய்தார்கள். க்ரோல் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. நான்கும் பிறர் பாட்டு: வேசலின்ஸ் இரண்டு, டீவோ ஒன்று, வைப்பர்ஸின் "டி-7" ஒன்று. புதிய டிரம்மரோடு பிரிட்டிஷ் வானொலியில் தன் பாட்டை விளம்பரம் செய்யாமல் தனக்குப் பிடித்தவர்களின் பாட்டைப் போடுகிற குழு எத்தனை உண்டு? வேசலின்ஸ் கிளாஸ்கோவைச் சேர்ந்த குழு, பெண் குரலும் ஆண் குரலுமாக மழலைத்தனமான மெட்டு. "பீன் அ சன்", "ஸ்லிவர்" இரண்டிலும் அந்தச் சாயல் அப்படியே இருக்கிறது.

என் தேர்வு: பீன் அ சன், அபவுட் அ கேர்ள், டம்ப், ஸ்லிவர். "பேப்பர் கட்ஸ்" பக்கமே போக மாட்டேன்.

நாலுதந்தி:

கொள்கை விளக்கங்களுக்கு நன்றி. இனி பேஸ் பக்கம் வருவோம்.

பங்க் என்று நீங்கள் எல்லோரும் சொல்வதில் பாதி போஸ்ட்-பங்க், அதாவது பங்க்குக்குப் பின் வந்த கிளை. "கம் ஆஸ் யூ ஆர்" ரிஃப்பையும் கில்லிங் ஜோக் 1984-ல் போட்ட "எய்ட்டீஸ்" ரிஃப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ஊர்வல் வடிவம், ஒரே மாதிரி கோரஸ் எஃபெக்ட். சண்டை மூண்டது, பிறகு 2003-ல் கில்லிங் ஜோக் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்ததே டேவ் க்ரோல்தான். "டீன் ஸ்பிரிட்" விஷயத்தில் பிக்ஸீஸ் குழுவைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று கோபேன் 1994 ஜனவரி ரோலிங் ஸ்டோன் பேட்டியில் சொல்லிவிட்டார். மெல்லிய வெர்ஸ் (சரணம்), வெடிக்கும் கோரஸ் என்ற சூத்திரம் அங்கிருந்து வந்தது.

அந்தச் சூத்திரத்தைக் காப்பியடிக்கும் குழுக்கள் தவறவிடும் ஒன்று, வெர்ஸில் யார் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறார் என்பது. "டீன் ஸ்பிரிட்" வெர்ஸில் கிட்டார் இரண்டே ஸ்வரம். சி, எஃப், இரண்டாவது தந்தியிலும் முதல் தந்தியிலும் முதல் ஃப்ரெட். அதற்கு அடியில் கோர்டு மாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றுவது க்ரிஸ்ட் நோவோசெலிக்கின் பேஸ். அதே இரண்டு ஸ்வரம் ஒவ்வொரு பேஸ் ஸ்வரத்தின் மேலும் வேறு நிறம் காட்டுகிறது. பேஸை அடக்கி மிக்ஸ் செய்தால் வெர்ஸ் வெறும் மணியடிப்பு.

"லவுஞ்ச் ஆக்ட்", "லவ் பஸ்", "ஸ்லிவர்" எல்லாமே பேஸ் தொடங்கும் பாட்டுகள். அதனால் அவை என் பட்டியலில் முதல் மூன்று. "லவ் பஸ்" ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழுவின் பாட்டு, பங்க்கோடு சம்பந்தமே இல்லை. நிர்வானாவின் முதல் சிங்கிள் அதுதான் என்பதை மூணுகார்டு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூணுகார்டு:

எடுத்துக்கிட்டேன். மெட்டு எங்கேர்ந்து வந்தா என்ன, அதை என்ன பண்ணாங்கங்கிறதுதான் கேள்வி. மூலத்துல இருக்கிற சித்தார், மத்த வெர்ஸ் எல்லாத்தையும் வெட்டி ஒரே வெர்ஸை வச்சுத் திரும்பத் திரும்ப வாசிச்சாங்க. இருக்கிறதுல தேவையில்லாததை வெட்டுறதுதான் பங்க்கோட கைவேலை. "ஸ்கூல்" பாட்டுல வரிகள் மொத்தமே மூணு.

புதுக்கை:

அண்ணன்மாரே, அக்கா, நடுவுல ஒரு கேள்வி. டீன் ஸ்பிரிட், லித்தியம், ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ் மூணையும் ஒரே கிட்டார்ல வாசிக்கணும். தந்தி 10-46 செட் (மெல்லிசு 0.010 அங்குலம், தடிசு 0.046). இறக்கி ட்யூன் பண்ணினா தந்தி தொளதொளன்னு ஆகி, பவர் கார்டு (ரெண்டு ஸ்வரக் கார்டு) அழுத்துறப்ப ஸ்ருதி மேல ஏறிடுது. டிஸ்டார்ஷன் போட்டா குழம்பு மாதிரி ஆயிடுது. எதை மாத்தணும்?

மூணுகார்டு:

தம்பி, ரெண்டும் தனித்தனிப் பிரச்சனை. முதல்ல தந்தி.

"டீன் ஸ்பிரிட்" சாதாரண ட்யூனிங். "லித்தியம்" ஆறு தந்தியும் ஒரு முழு ஸ்வரம் கீழ, டி-லேர்ந்து டி. "ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்" எல்லாம் அரை ஸ்வரம் கீழ, ஆறாவது தந்தி மட்டும் இன்னொரு முழு ஸ்வரம் கீழ, அதாவது சி ஷார்ப்.

தந்தியோட இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். முழு ஸ்வரம் இறக்கினா இழுவிசை 21 சதவீதம் போயிடும். ஆறாவது தந்தியை சி ஷார்ப் வரைக்கும் இறக்கினா 29 சதவீதம். தளர்ந்த தந்தியைக் கொஞ்சம் அழுத்தினாலும் ஸ்ருதி ஏறும். நீ சொன்னது அதான். தடிமனோட வர்க்கத்துக்கும் இழுவிசை ஏறும்ங்கிறதால மருந்தும் அங்கேயே இருக்கு. 10-க்குப் பதிலா 11 போட்டா 21 சதவீதம் கூடும், முழு ஸ்வரம் இறக்கினதை ஏறக்குறைய சரிக்கட்டிடும். ஆறாவது தந்தி 46-லேர்ந்து 52 போனா 28 சதவீதம் கூடும். சி ஷார்ப்புக்கு 54 இன்னும் நல்லது.

அதனால 11-54 செட். ஆனா அதை அப்படியே சாதாரண ட்யூனிங்ல "டீன் ஸ்பிரிட்"டுக்கு வச்சா கழுத்து முன்னாடி வளையும், விரலும் வலிக்கும். ஒரே கிட்டார்தான்னா மூணு பாட்டையும் அரை ஸ்வரம் கீழ வச்சு வாசி. எம்டிவி "அன்பிளக்டு" நிகழ்ச்சி முழுக்க அவங்களே அரை ஸ்வரம் கீழதான் வச்சாங்க, யாரும் புகார் சொல்லல. செட் மாத்தின உடனே ட்ரஸ் ராடைத் (கழுத்துக்குள்ள இருக்கிற கம்பி) தொடாத, ஒரு நாள் விட்டு கழுத்தோட வளைவைப் பார்த்துட்டுக் கால் திருப்புக்கு மேல போகாம சரிபண்ணு. அப்புறம் நட் (தலைப்பக்கம் தந்தி உட்காருற கட்டை) பள்ளம். 46-க்கு வெட்டின பள்ளத்துல 54 உட்காராது, ட்யூன் பண்றப்ப "டிங்"னு ஒரு சத்தத்தோட ஸ்ருதி தாவும். பள்ளத்தை அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. ஆழமானா திறந்த தந்தி முதல் ஃப்ரெட்ல உரசும்.

அடுத்து குழம்பு. நீ முழு மேஜர் கார்டு பிடிக்கிறன்னு நினைக்கிறேன். டிஸ்டார்ஷன் ரெண்டு ஸ்வரத்தை வாங்கினா அதோட வித்தியாச ஸ்வரத்தையும் தானா உண்டாக்கும். ரூட்டும் (கார்டோட அடிப்படை ஸ்வரம்) ஐந்தாவதும் 2:3 விகிதம். அதோட வித்தியாசம் 1, அதாவது ரூட்டுக்கு ஒரு ஆக்டேவ் கீழ. கார்டு கனமாகுது, குழம்பல. கிட்டார் ஃப்ரெட் கணக்குல ஐந்தாவது ஸ்வரம் சுத்த ஸ்ருதியைவிட வெறும் 2 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கம்மி. மேஜர் மூணாவது ஸ்வரம் 14 சென்ட் ஜாஸ்தி. அந்த 14 சென்ட்டை டிஸ்டார்ஷன் பூதாகாரமாக்கிக் காட்டும். ரமோன்ஸ் மாதிரி முழு பார் கார்டை வாசிக்கிறவங்க கெயினைக் கம்மியா வச்சுத் தப்பிச்சாங்க. கோபேன் அளவு கெயின் வேணும்னா மூணாவது ஸ்வரத்தை எடுத்துடு.

"டீன் ஸ்பிரிட்" கை நகர்வு ரொம்பச் சுலபம். ஆறாவது தந்தி முதல் ஃப்ரெட் எஃப், ஐந்தாவது தந்தி முதல் ஃப்ரெட் பி ஃபிளாட். அதே ரெண்டு வடிவத்தையும் நாலாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளு, ஏ ஃபிளாட், டி ஃபிளாட். முடிஞ்சது. கஷ்டம் எல்லாம் வலது கையில. கார்டுக்கு நடுவுல இடது கையைத் தூக்காம தளர்த்தி மட்டும் வச்சு, செத்த தந்தியில பதினாறாம் மாத்திரையைத் தடவணும். தூக்கிட்டா திறந்த தந்தி ஊளையிடும்.

சத்தம்:

பெடல் பற்றிச் சேர்க்கிறேன். "நெவர்மைண்ட்" காலத்தில் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், பிறகு டிஎஸ்-2. டிஎஸ்-1 இயல்பிலேயே நடு அலைவரிசையைக் குடைந்து மேல் அலைவரிசையைத் தூக்கும். ஆம்ப்ளிஃபையரிலும் மிட்ஸைக் குறைத்தால் தனியாக வாசிக்கையில் பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். பெடலின் டோனைப் பன்னிரண்டு மணிக்குக் கீழே, பத்து மணி வாக்கில் வைத்து, ஆம்ப்பில் மிட்ஸை ஏற்றுங்கள். லெவலைத் தாராளமாக வையுங்கள். கோரஸ் ஆரம்பிக்கையில் பெடலை மிதித்ததும் சத்தம் கூட வேண்டும். பலருக்கு அங்கேதான் சறுக்கும். டிஸ்டார்ஷன் வந்தும் சத்தம் கூடாததால் வெடிப்பு வெடிப்பாக இருக்காது.

"கம் ஆஸ் யூ ஆர்" தண்ணீர் ஒலிக்கு எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் க்ளோன். ஒரே ஒரு குமிழ், ஒரு ஆழ ஸ்விட்ச். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வைத்தால் அகலமாக அசையும், முன்னால் வைத்தால் கோரஸ் எஃபெக்ட்டின் அசைவே உடைந்து கரகரக்கும்.

ஒரு திருத்தம் போன்ற சேர்க்கை: "ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்", "ஆல் அப்பாலஜீஸ்" இரண்டும் 1993-ல் வெளிவந்தது ஆல்பினி மிக்ஸில் அல்ல. ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். அந்த இரண்டை மட்டும் கேட்டுவிட்டு "ஆல்பினி ஒலி இவ்வளவுதானா" என்று எழுதுகிறவர்கள் "செண்ட்லெஸ் அப்ரெண்டிஸ்" கேட்டுவிட்டு வரவும்.

டிரம்ஸ்பித்தன்:

"லித்தியம்" வாசிக்கிற டிரம்மருக்கும் ஒரு வார்த்தை. க்ரோலுக்கே அந்தப் பாட்டுல வேகம் ஏறிக்கிட்டே போச்சு, விக் கடைசியில கிளிக் டிராக் (தாளம் காட்டுற டிக்-டிக்) போட்டுத்தான் பிடிச்சார். வெர்ஸ்ல சைட் ஸ்டிக், கோரஸ்ல முழு அடி. சின்ன அடியிலேர்ந்து பெரிய அடிக்கு மாறுறப்ப கை தானா முந்தும். கிளிக்கை கோரஸுக்கு முந்தின ரெண்டு பாருக்கு மட்டும் சத்தமா வச்சுப் பழகுங்க.

அப்புறம் க்ரோலுக்கு முந்தின டிரம்மர் சாட் சேனிங்கை எல்லாரும் மறந்துடுறாங்க. "இன் ப்ளூம்" டிரம்ஸ் அமைப்பு அவரோடது, க்ரோல் பெரும்பாலும் அப்படியே வச்சுக்கிட்டார். "நெவர்மைண்ட்"ல இருக்கிற "பாலி"யும் க்ரோல் வர்றதுக்கு முன்னாடி, 1990 ஏப்ரல்ல ஸ்மார்ட் ஸ்டுடியோவுல பதிவானது. அந்தச் சிம்பல் தட்டல் சேனிங். "ஸ்லிவர்"ல வாசிச்சது மட்ஹனியோட டான் பீட்டர்ஸ். ஆக, டிரம்மர் மாறினா பேண்டு மாறும்னு நான் சொன்னது இன்னும் நிக்குது.

சிவப்பு கேசட்:

மூணுகார்டின் "மெதுவான பங்க்" வாதத்துக்கு அவரே பயன்படுத்தாத சாட்சி ஒன்று இருக்கிறது: "அன்பிளக்டு".

1993 நவம்பர் 18, நியூயார்க். 14 பாட்டில் ஆறு பிறருடையது. அதில் மூன்று மீட் பப்பெட்ஸ் பாட்டு. அந்தக் குழுவின் கிர்க்வுட் சகோதரர்களையே மேடையில் உட்கார வைத்து வாசித்தார்கள். மூன்றும் அவர்களின் இரண்டாவது ஆல்பத்திலிருந்து. அந்த ஆல்பம் வெளிவந்தது 1984, எஸ்எஸ்டி நிறுவனம். "மை வார்" வெளிவந்ததும் 1984, அதே எஸ்எஸ்டி. பிளாக் ஃபிளாக்கின் கிரெக் ஜின் நடத்திய நிறுவனம் அது. ஹார்ட்கோர் குழுக்களே ஒரே ஆண்டில் ஒரு பக்கம் கனத்த மெதுவுக்கும் இன்னொரு பக்கம் நாட்டுப்புறச் சாயலுக்கும் திரும்பின, இரண்டையும் கோபேன் உள்வாங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசித்த பேட் ஸ்மியர் லாஸ் ஏஞ்சலஸ் பங்க் குழுவான ஜெர்ம்ஸைச் சேர்ந்தவர். எம்டிவி எதிர்பார்த்த "டீன் ஸ்பிரிட்" அன்று வாசிக்கப்படவில்லை.

இப்படிப் பார்த்தால் அவர்களின் ஆகச் சிறந்த பங்க் ரெக்கார்டு செல்லோ வைத்த அந்த ரெக்கார்டுதான். "லேக் ஆஃப் ஃபயர்" என் பட்டியலில் சேர்கிறது.

நாலுதந்தி:

செல்லோ வைத்ததெல்லாம் பங்க் என்றால் இந்த விவாதத்துக்கு எல்லையே இருக்காது, தோழி. ஆனால் எஸ்எஸ்டி கணக்கு சரி. "தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்" பாட்டில் அக்கூஸ்டிக் கிட்டாரை ஃபஸ் என்ற டிஸ்டார்ஷன் வகையோடு ஆம்ப்ளிஃபையரில் ஓட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் பெயரே "அன்பிளக்டு".

புதுக்கை:

11-54 வாங்கிடுறேன் அண்ணா, நன்றி. "அன்யூரிசம்" ரெண்டு விதமாக் கிடைக்குதே, எதைக் கேட்கணும்?

மூணுகார்டு:

ஒண்ணு 1991 ஜனவரி 1, சியாட்டில் மியூசிக் சோர்ஸ் ஸ்டுடியோ, "டீன் ஸ்பிரிட்" சிங்கிளோட பின்பக்கம் வந்தது. இன்னொண்ணு அதே வருஷம் நவம்பர்ல பிபிசிக்காக வாசிச்சது, "இன்செஸ்டிசைட்"ல இருக்கு. நான் முதலாவது கட்சி. தொடக்கத்துல ஊர்ந்து வந்து அப்புறம் பாயுதே, அந்த ஊர்வலுக்கு அதுல பாரம் ஜாஸ்தி. பிபிசி பதிவுல பாய்ச்சல் நல்லா இருக்கும், பித்தனுக்கு அதான் பிடிக்கும்.

டிரம்ஸ்பித்தன்:

ஆமா, பிபிசி பதிவுதான். இதுல பேச்சுக்கே இடமில்ல.

நாலுதந்தி:

இவ்வளவு பட்டியலிலும் "எண்ட்லெஸ், நேம்லெஸ்" இல்லையே? "லித்தியம்" டேக் ஒன்று கைகூடாத எரிச்சலில் மூவரும் அப்படியே தொடர்ந்து வாசித்தது, கோபேன் கிட்டாரை உடைக்கும் வரை டேப் ஓடியது. ஃபிளிப்பர் செல்வாக்கு என்றால் அதைத்தான் சொல்வேன். நோவோசெலிக் பின்னாளில் 2006 முதல் 2009 வரை ஃபிளிப்பரிலேயே பேஸ் வாசித்தார்.

சத்தம்:

அதைப் பாட்டு என்று எண்ணலாமா என்பது வேறு விவாதம். கேட்க விரும்புகிறவர்களுக்கு: "நெவர்மைண்ட்" குறுந்தகட்டின் முதல் அச்சில் அது கிடையாது, மாஸ்டரிங்கில் தவறுதலாக விடுபட்டது. பிந்தைய அச்சில் "சம்திங் இன் தி வே" முடிந்து சுமார் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வரும். தகட்டைப் போட்டதும் பன்னிரண்டாவது டிராக்கின் நீளத்தைப் பாருங்கள். நான்கு நிமிடத்துக்குள் காட்டினால் இல்லை, இருபது நிமிடம் காட்டினால் இருக்கிறது.